‘மறுகா’ என்னும் சொல்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் மக்களின் நாவிலே நாள்தோறும் பன்முறை வந்து போகும் சொற்களுள் ஒன்று ‘மறுகா’ என்பது. வயலுக்குப் போகும் உழவனும், தோணி வலிக்கும் மீன்பிடிகாரனும், சந்தையிலே காய்கறி விற்பவளும், கந்தோரிலே கோப்புப் பார்ப்பவரும், வீட்டுக்கு வந்தபின் இதனைச் சொல்லாது ஒரு பொழுதும் கழிப்பதில்லை. தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடும் இச்சொல்லிடத்து இல்லை. ‘பிறகு’, ‘அதன்பின்’ என்பன இதன் பொருள். பிற மாவட்டத்தார் மட்டக்களப்பாரை எள்ளி நகையாட விரும்பினால் முதலில் எடுத்துக்கொள்வதும் இச்சொல்லையே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை மாணவன் எழுதிய கட்டுரையேடு ஒன்று என் கைக்கு வந்தது. தான் தந்தையோடு விடியற்காலையில் வாவியிலே வலை வீசச் சென்றதைப் பற்றி எழுதியிருந்தான். நல்ல கட்டுரை, கண்டதைக் கண்டவாறே எழுதியிருந்தான். அதில் நான்கு இடங்களில் ‘மறுகா’ வந்திருந்தது. நான்கினையும் ஆசிரியர் சிவப்பு மையினால் வட்டமிட்டு, ஓரத்திலே ‘கொச்சை, இது தமிழன்று’ என்று எழுதிவிட்டிருந்தார். கட்டுரையிலே ‘பிறகு’ என எழுதுமாறு சொல்வது ஆசிரியர் கடன். அதிலே எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின் ‘இது தமிழன்று’ என்னும் தீர்ப்பு என் மனத்தை உறுத்தியது. அந்த மாணவனின் தாயும் பாட்டியும் வாழ்நாள் முழுவதும் பேசிவந்த ஒரு சொல்லை, அதன் வரலாற்றை ஒரு கணமேனும் எண்ணிப் பாராமல், ஆசிரியர் தமிழினின்றும் தள்ளிவிட்டார்.

இதற்கு நேர்மாறான மற்றொரு தீர்ப்பையும் நான் விழா மேடைகளிலே கேட்டிருக்கிறேன். ‘மறுகா’ சங்கச் சொல்லென்றும், மட்டக்களப்பார் வாயிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத தூய செந்தமிழ்ச் சொல்லென்றும் முழங்குவார் உளர். கை தட்டல் பெரிதாக எழும். இவ்விரு தீர்ப்பும் ஒரே பிழையின் இரு முகங்களே. முன்னவர் ஆராயாமல் வெறுத்தார். பின்னவர் ஆராயாமல் வியந்தார். சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதை இருவரும் கேட்கவில்லை. அதனை இக்கட்டுரையிற் கேட்டுப் பார்ப்பதே என் நோக்கம்.

மேடையிலே முழங்குவோர் பெரும்பாலும் துணைக்கு அழைப்பது செக்கு நாட்டறிஞர் கமில் சுவெலபிலின் பெயரை. 1966ஆம் ஆண்டு இலங்கைத் தமிழின் இயல்புகள் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், பேச்சுத் தமிழ் வகைகள் எல்லாவற்றுள்ளும் எழுத்து வழக்குக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்புத் தமிழே என்னும் கருத்தைக் கூறியதும், பழைமையான கூறுகள் பலவற்றை அது காத்து வைத்திருப்பதாகச் சொன்னதும் உண்மை. ஆனால் அதே மூச்சில், குறிப்பிடத்தக்க புதுமைகள் சிலவும் அதிலே தோன்றியுள்ளன என அவர் சேர்த்துச் சொன்னதை நம்மவர் விட்டுவிடுகின்றனர். ‘மறுகா’வைப் பொறுத்தவரை அவ்விட்டுப்போன பாதியே நமக்கு முக்கியமானது. ஏனெனில் இச்சொல்லிலே பழைமையும் உண்டு, புதுமையும் உண்டு. எது எது என்று பிரித்தறிவதே சொல்லாராய்ச்சி.

முதலில் வழக்கை நோக்குவாம். ‘மறுகா வாறன்’ என்றால் ‘பின்னர் வருகிறேன்’ என்பது பொருள். ‘சோறு தின்னு, மறுகா விளையாடலாம்’ என்றால் ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்னும் வரிசை. ‘மறுகா என்ன?’ என்று ஒருவர் கேட்டால், ‘வேறு என்ன செய்தி?’ என்றோ, ‘அப்படித்தானே, அதிலென்ன ஐயம்?’ என்றோ இடத்துக்கு ஏற்பப் பொருள் கொள்ளவேண்டும். இவை எல்லாவற்றினும் அழகியது கதை கேட்கும் குழந்தையின் ‘மறுகா?’ என்னும் வினா. இரவிலே முற்றத்துப் பாயில் அம்மம்மா கதை சொல்கிறாள். இளவரசன் காட்டுக்குப் போனான் என்று சொல்லி, வெற்றிலையை மடிக்க ஒரு கணம் நிறுத்துகிறாள். ‘மறுகா?’ என்கிறது குழந்தை. அங்கே அச்சொல் காலத்தைக் குறிக்கும் வினையடை மாத்திரமன்று. கதையை முன்னே தள்ளும் கோலும் ஆகிறது. என் சொந்த அனுபவத்தில், அதற்குப் பதிலாகப் ‘பிறகு?’ என்று கேட்டால் கேள்வி விளங்கும். ஆயினும் அம்மம்மாவின் கை வெற்றிலையில் இன்னும் சற்று நேரம் தங்கும்.

இனி இச்சொல்லின் பிறப்பைப் பற்றி வழங்கும் கருத்துக்களைப் பார்ப்பாம். ஒன்று, ‘மறு’ என்பதோடு ‘கா’ என்னும் விளி சேர்ந்து ‘மறுகா’ ஆயிற்று என்பது. மட்டக்களப்புப் பேச்சிலே ‘என்னகா’, ‘வாகா’ என ஒத்தாரையும் இளையாரையும் அழைக்கும் ‘கா’ ஒன்று உண்டு என்பதை எவரும் அறிவர். தொல்காப்பியர் இடையியலில் அசைநிலைகள் ஏழினை ஒரு நூற்பாவில் அடுக்குமிடத்துக் ‘கா’வும் ஒன்றாக வருகின்றது. இரண்டையும் முடிச்சிட்டு, ‘மறுகா’வின் ஈற்றிலே தொல்காப்பியர் காலத்து அசைச்சொல் உயிரோடிருக்கிறது என்று சொல்வது மேடைக்கு நன்றாயிருக்கும். ஆனால் வழக்கு அதனை ஒப்பவில்லை. ‘வாகா’ என்று தந்தையையோ ஆசிரியரையோ அழைப்பார் எவருமிலர். அழைத்தால் அடி விழும். ‘மறுகா வாறன் ஐயா’ என்று அதே ஆசிரியரிடம் சொல்லுவதிலே எவ்விதக் குறையும் இல்லை. விளிக் ‘கா’ கேட்பவரின் தகுதியைப் பொறுத்து வரும், போகும். ‘மறுகா’வின் ‘கா’ எங்கும் போவதில்லை. ‘மறுகா என்னகா?’ என்று இரண்டும் ஒரே தொடரில் தத்தம் தொழிலைச் செய்து நிற்றலுங் கூடும். ஆதலின் இரண்டும் வெவ்வேறானவை. அழைக்கும் ‘கா’ தொல்காப்பியர் சொன்ன அசையின் வழிவந்ததா என்பது தனியே ஆராயத்தக்கது. அதன் விடை எதுவாயினும் ‘மறுகா’வுக்கு அதனால் ஆவதொன்றில்லை.

இரண்டாவது கருத்து ‘மறுகு’ என்னும் வினையை அடியாகக் கொள்வது. மறுகுதல் என்றால் சுழலுதல், மனங் கலங்குதல். சுழன்று மீண்டும் வருவதனால் ‘மீண்டும்’, அதிலிருந்து ‘பிறகு’ எனப் பொருள் விரிந்தது என்பர். பொருள் வழியே பார்த்தால் இது முற்றும் பொருந்தாதது அன்று. ‘மீண்டும்’, ‘திரும்பவும்’ ஆகிய நம் சொற்களே மீளுதல், திரும்புதல் என்னும் வினைகளிலிருந்துதான் வந்தன. ஆனால் வடிவம் இடந்தரவில்லை. ‘மீண்டு’, ‘திரும்ப’ என வினையெச்சங்கள் அவ்வாறு வருதல் உண்டு. ‘மறுகு’ என்பதன் எச்சங்கள் ‘மறுகி’, ‘மறுக’ என்பனவே. ‘மறுகா’ என ஈறு நீண்டால், இலக்கணப்படி அது ‘மறுகாமல்’ என்னும் எதிர்மறை எச்சமாகிவிடும். ‘மறுகா வாறன்’ என்பதற்கு ‘மனங்கலங்காமல் வருகிறேன்’ என்று பொருள் கூற வேண்டியிருக்கும்! வாவியிலே காற்றெழும் மாதங்களில் மீனவர் மனைவியருக்கு அது நல்ல ஆறுதலாகலாம், சொல்லாராய்ச்சிக்கு ஆகாது.

மூன்றாவது கருத்தும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கத்தார், குளம் நிரம்பி மிகுநீர் வழிந்தோடுவதை ‘மறுகால் பாய்தல்’ என்பர். மறுகால்குறிச்சி என ஓர் ஊரும், பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுடைய மறுகால்தலை என மற்றோர் ஊரும் அங்கே உள்ளன. ஒரு குளம் நிரம்பிய ‘பிறகு’ நீர் செல்லும் வழி மறுகால். ஆகவே மறுகாவும் அதுவே என்பது வாதம். இங்கே ‘கால்’ என்பது வாய்க்கால். மட்டக்களப்புக் குளத்து உழவர் மிகுநீர் வழியை மறுகால் என்பதில்லை, ‘வான்’ என்பர். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கப்பட்டது என்னும் செய்தியை மாரி காலத்திலே நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். நிலத்திலே இல்லாத வாய்க்காலிலிருந்து நாவுக்குச் சொல் வருதல் எவ்வாறு? ஒரே எழுத்துக்களாலான இரு சொற்கள் என்று கொள்வதன்றி வேறு வழியில்லை.

மேற்கூறியவற்றை மறுத்தபின் எஞ்சி நிற்பது எளிய வழி. ‘கால்’ என்பது காலத்தையும் முறையையும் குறிக்கும் பழஞ்சொல். தொல்காப்பியர் வினையியலில், காலத்தை உணர்த்தி எச்சத்தின் ஈற்றிலே வரும் சொற்களை எண்ணும்போது பின், முன், கடை, வழி முதலியவற்றோடு கால் என்பதையும் சேர்த்துக் கூறினார். ‘செய்தக்கால்’, ‘செல்லுங்கால்’ என்பன அவ்வகையின. எண்ணோடு சேர்ந்து முறையைக் குறிக்கும்போது ‘ஒருகால்’, ‘இருகால்’, ‘பல்கால்’ என வரும். மும்முறை என்பதை ‘முக்கால்’ என்ற புலவரும் உளர். நான்கில் மூன்று கூறு என்று மயங்கி அவ்விடத்தில் இடர்ப்படும் மாணவரும் உளர். இந்தக் ‘கால்’ ‘மறு’ என்பதோடு சேர்ந்து ‘மறுகால்’ ஆயிற்று. அதன் ஈற்று லகரம் தேய்ந்து ‘மறுகா’ ஆயிற்று.

லகரம் தேய்ந்ததென்று சொல்வது வசதிக்காகச் சொன்னதன்று. யாழ்ப்பாணத்தார் ‘ஒருக்கா வாங்கோ’ என்னும்போது ‘ஒருக்கால்’ தன் லகரத்தை இழந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ‘மறுக்கா சொல்லு’ என்பதும் அவ்வாறே. ‘வந்தால்’ பேச்சிலே ‘வந்தா’ ஆகிறது. அதே வேளையில் ‘கால் நோகுது’ என்று சொல்லும்போது எவரும் ‘கா நோகுது’ என்பதில்லை. உறுப்பின் பெயராகிய கால் தன் முழு உருவையும் காத்துக்கொள்கிறது. இடைச்சொல்போல் ஆகிவிட்ட கால் தேய்ந்துவிடுகிறது. அடிக்கடி புழங்கும் நாணயத்தின் முத்திரை முதலில் அழியும் என்பது எம்மொழிக்கும் உள்ள இயல்பு. மலையாளத்திலே மாத்திரம் ‘ஒரிக்கல்’ என லகரம் நின்றது. அங்கே உயிர் குறுகி ஈறு பிழைத்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. அதனை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று. ‘ஒருக்கா’, ‘மறுக்கா’ என்பவற்றிற் ககரம் இரட்டித்திருக்க, மட்டக்களப்பு ‘மறுகா’விலே அது இரட்டாமல் மென்மையாக ஒலிப்பது ஏன்? ஒரே மூலத்தவை என்றால் ஒலி ஒத்திருக்க வேண்டாவோ? இதற்கு விடை ‘மறு’ என்பதன் இயல்பிலே உள்ளது. மறுகரை, மறுபக்கம், மறுபிறப்பு, மறுபடி என ‘மறு’ முன்னின்ற தொடர்களை நோக்குக. எங்கும் வல்லினம் மிகவில்லை. ஆகவே ‘மறுகால்’ என இரட்டாமல் நிற்பதே முறையான வடிவம். தமிழ்நாட்டு ‘மறுக்கா’தான் ‘ஒருக்கா’வின் சாயலைப் பற்றிக்கொண்டு ககரத்தை மிகுத்தது என்று கருதுகிறேன். எண்ணும் பொருள் அங்கே விடாமல் நின்றமையும் அதற்குத் துணையாயிருக்கலாம்: ஒருக்கா என்றால் ஒரு முறை, மறுக்கா என்றால் இன்னுமொரு முறை. மட்டக்களப்பிலே ‘மறுகா’ எண்ணுதலை விட்டு வரிசையைக் குறிக்கத் தொடங்கியது. எண்ணுப் பெயர்களின் கூட்டத்திலிருந்து பிரிந்தமையால் அவற்றின் ஒலியும் அதனைத் தொடரவில்லை. இவ்விளக்கத்தில் முதற் பகுதி உறுதியானது. பிற்பகுதி என் ஊகம். இதனினும் சிறந்த விளக்கம் கூறுவார் உளராயின் மகிழ்ந்து ஏற்பேன்.

இனிப் பொருள் மாறிய வழி. ‘மறுகால்’ என்றால் ‘வேறொரு முறை’ என்பதுதானே. அது ‘பிறகு’ என்று எவ்வாறு ஆகும் என்று வினவலாம். இவ்வினாவுக்கு விடை நம் வீட்டு முற்றத்திலேயே கிடக்கிறது. ‘மறுநாள்’ என்றால் வேறொரு நாள் அன்று, அடுத்த நாள். ‘மறுமை’ என்றால் வேறொரு நிலை அன்று. இம்மைக்குப் பின் வருவது. திருவள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டார். ‘மறு’ காலத்தைச் சாரும்போது ‘வேறு’ என்னும் பொருளை விட்டு ‘அடுத்த’ என்னும் பொருளைப் பற்றும். ஆங்கிலேயர் ‘தி அதர் டே’ என்று, அதாவது ‘மற்ற நாள்’ என்று, சொன்னால் அது கழிந்துபோன ஒரு நாளைக் குறிக்கும் என்பது இங்கே நினைக்கத்தக்கது. அவர்களுடைய ‘மற்ற நாள்’ பின்னோக்கிப் போகிறது. நம்முடைய மறுநாள் முன்னோக்கி வருகிறது. மறுநாள் அடுத்த நாளானாற்போல மறுகால் அடுத்த பொழுதாயிற்று. ‘சோறு தின்னு, மறுகா விளையாடலாம்’ என்பதிலே அவ்வடுத்த பொழுதைத் தெளிவாகக் காணலாம்.

‘மறு’வின் உடன்பிறப்பாகிய ‘மற்று’ இதற்கு மேலும் வலிமை தருகிறது. தொல்காப்பியர் மற்று என்னும் சொல்லுக்கு வினைமாற்று, அசைநிலை என இரு பொருள் வகுத்தார். நன்னூலார் பிறிது என்பதையும் கூட்டி மூன்றாக்கினார். வினைமாற்று என்பது எடுத்த செயலை விட்டு வேறொன்றுக்கு மாறுவதைக் காட்டுவது. அதற்கு இலக்கண உரைகள் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நாலடியாரில், இளமை நிலையாமை என்னும் அதிகாரத்தில் உள்ளது. ‘நாம் இன்னும் இளையோம், நல்வினையைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்’ என்று தள்ளிப்போடாதீர், கையிற் பொருள் உள்ளபோதே அறஞ்செய்யுங்கள் என்கிறது அவ்வெண்பா. அங்கே ‘பின்னர்’ என்னும் பொருளைத் தருவது ‘மற்று’ என்னும் ஒரு சொல்லே. உரைகாரரும் இப்பொழுதன்று, பின்பு என்றே விரிக்கின்றனர். படுவான்கரைத் தாய் ஒருத்தி தன் மகனிடம், வேலையை ‘மறுகா பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதே என்று கடிந்துகொள்ளும்போது, சமண முனிவர் சொன்ன அதே அறிவுரையை, அவர் ஆண்ட அடியிலிருந்தே பிறந்த ஒரு சொல்லினால் சொல்கிறாள். அவர் காலத்துச் சொல்லையே சொல்கிறாள் என்று நான் கூறவில்லை. அதே அடி, அதே பொருள் திரும்பும் வழி, அவ்வளவே. அவ்வளவே போதியது என்பது என் கருத்து.

தெலுங்கிலும் இவ்வடியிலிருந்து ‘மறி’ என்னும் சொல் தோன்றி, மேலும், மீண்டும், பிறகு என்னும் பொருள்களில் வழங்குகின்றது. பரோவும் எமனோவும் 1961இல் முதற் பதிப்பாகவும் 1984இல் இரண்டாம் பதிப்பாகவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியிலே மறு, மற்று, மறி ஆகியவற்றை ஒரே தலைப்பின் கீழ்க் காணலாம். கோதாவரிக் கரையிலும் மட்டக்களப்பு வாவிக் கரையிலும் ஒரே அடி, ஒன்றையொன்று அறியாமலே, ஒரே பொருளை நோக்கி நடந்திருக்கிறது. இதனால் ‘மறுகா’ மட்டக்களப்பாருக்கே தனியுரிமையான அருமை என்னும் செருக்குச் சிறிது குறைகின்றது. சொல்லின் குலமோ பெரிதாகின்றது.

‘பிறகு’ என்னும் பொருளைச் சொல்ல மக்கள் எங்கெங்கே போய்ச் சொல் எடுக்கின்றனர் என்று நோக்குதலும் இன்பந் தருவது. தமிழ்நாட்டார் ‘அப்புறம்’ என்கின்றனர். அது அந்தப் பக்கம் என்னும் இடப்பெயர். யாழ்ப்பாணத்தார் ‘பேந்து’ என்கின்றனர். அது ‘பெயர்ந்து’ என்னும் எச்சம் குறுகியது, இடம்விட்டு நகர்தலைக் காட்டுவது. ‘பெயர்த்தும்’ என்றால் மீண்டும் என்று பொருள்படும் பழைய வழக்கு அதன் பின்னே நிற்கிறது. நம் சிவப்பு மைக்கார ஆசிரியர் செந்தமிழென்று காட்டிய ‘பிறகு’ முதுகுப்புறத்தைச் சுட்டும் அடியிலிருந்து வந்தது. சிங்களவரின் ‘பஸ்ஸே’யும் பின்புறம் என்பதே. இந்தியிலே ‘பிர்’ என்பது மீண்டும், பிறகு என்னும் இரண்டுக்கும் ஒன்றே. திரும்புதல் என்னும் வினையோடு அது உறவுடையது. இடமும், நகர்ச்சியும், முதுகும், திரும்புதலும் இவ்வாறு காலத்துக்குக் கடன் கொடுத்திருக்க, ‘மறுகா’ மாத்திரம் காலத்தைக் காலத்தினாலேயே சொல்லுகிறது. ‘அடுத்த பொழுது’ என்பதைவிட நேரான பெயர் ‘பிறகு’க்கு ஏது? இவ்வரிசையிலே கொச்சை என்று ஒதுக்கத்தக்கது எது என்று அவ்வாசிரியரைக் கேட்க ஆசை.

வேறொரு நாட்டுச் சொல்லும் நினைவுக்கு வருகின்றது. நம் பழைய ஆங்கிலப் பாடசாலைகளின் பிரிவுபசாரங்களிலே கைகோத்து நின்று பாடிய ‘ஓல்ட் லாங் சைன்’ என்னும் ஸ்கொத்லாந்துப் பாட்டைப் பழைய மாணவர் மறந்திருக்கமாட்டார். ரொபேர்ட் பேர்ண்ஸ் என்னும் கவிஞர் 1788இல் அதனை எழுதியனுப்பினார், 1796இல் அச்சாயிற்று. அதன் ஈற்றிலே நிற்கும் ‘சைன்’ அந்நாட்டாரின் அன்றாடச் சொல். பிறகு, அப்போதிலிருந்து என்பன அதன் பொருள். ‘சிதென்’ என்னும் பழைய நீண்ட வடிவம் தேய்ந்து ஸ்கொத்லாந்திலே ‘சைன்’ ஆயிற்று. இங்கிலாந்திலே அதுவே ஈறு பெற்றுப் பின் சுருங்கி ‘சின்ஸ்’ ஆயிற்று. ஒன்று நூல் வழக்கிலே அமர்ந்தது, மற்றொன்று நாட்டுப்புற வழக்கென்று கீழே வைக்கப்பட்டது. தேய்ந்ததில் இரண்டும் ஒன்றே. ஸ்கொத்லாந்துப் பிள்ளைகளும் வகுப்பறையிலே தம் வீட்டுச் சொல்லைச் சொன்னதற்காக நெடுங்காலம் தண்டனை பெற்றவரே. ஆயினும் அந்நாட்டறிஞர் 1931இல் தொடங்கி 1976 வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் உழைத்துத் தம் சொற்களுக்கெனப் பத்துத் தொகுதிகளில் ஓர் அகராதியை வெளியிட்டு முடித்தனர். ‘சைன்’ அங்கே தன் இடத்தைப் பெற்றிருக்கிறது.

இனி, இச்சொல்லின் தொன்மையைப் பற்றி நாம் எவ்வளவு சொல்லலாம்? ‘மறு’ தொன்மையானது. ‘கால்’ தொன்மையானது. இரண்டையும் சேர்க்கும் முறையும் தொன்மையானது. ஆனால் ஒரு வீட்டின் கல்லும் மரமும் பழையன என்பதனால் வீடு அன்றே கட்டப்பட்டதென்று சொல்லுதல் இயலாது. லகரம் வீழ்ந்ததும், எண்ணுப் பொருள் நழுவி வரிசைப் பொருள் நிலைத்ததும், கதை கேட்கும் குழந்தையின் வாயிலே அது வினாவானதும் பின்னை நிகழ்ச்சிகள். சுவெலபில் புதுமை என்று சொன்னவற்றின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றால் சொல்லுக்கு இழுக்கில்லை. உயிருள்ள சொல்லே மாறும். விபுலானந்த அடிகள் யாழ்நூலை ஆக்கியபோது, பழைய யாழின் உருவைத் தம் விருப்பத்தினால் வரையவில்லை. நூற்சான்றுகளை ஒப்பிட்டு, கணக்கினால் சரிபார்த்து, ஆண்டுகள் பல உழைத்தபின்னே 1947இல் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேற்றினார். காரைதீவிலே பிறந்த அவருடைய மண்ணின் சொல்லைப் பேசுவோரும் அம்முறையையே கைக்கொள்ளுதல் தகும்.

கொச்சை என்னும் தீர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். நம் இலக்கண ஆசிரியர் எவரும் வட்டார வழக்கைத் தமிழுக்குப் புறம்பென்று தள்ளவில்லை. செய்யுளுக்கு உரிய சொல் நான்கு என்று எண்ணிய தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகத் திசைச்சொல்லுக்கு இருக்கை கொடுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தாரும் தத்தம் குறிப்பினால் வழங்கும் சொற்கள் அவை என்றார். அப்பன்னிரு நிலங்களின் பெயர்ப் பட்டியலிலே மட்டக்களப்பு இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். பட்டியல் உரைகாரருடையது, இடங்கொடுக்கும் மனம் நூலாசிரியருடையது.

மட்டக்களப்பு வழக்குகளை அச்சிலே பதிவு செய்யும் பணியை 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலினால் வித்துவான் வி. சீ. கந்தையா பெரிதும் முன்னெடுத்தார். அதற்கு இரண்டாண்டு முன் எப். எக்ஸ். சி. நடராசா ‘மட்டக்களப்பு மான்மியம்’ பதிப்பித்தார். அவர்கள் சேர்த்துத் தந்த செல்வத்தின்மேல் நாம் சேர்த்தது சிறிது. போரினாலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளினாலும் கரையோர ஊர்கள் பல இடம்பெயர்ந்து, அடுத்தடுத்த வீட்டார் வேறு வேறு ஊர்ப் பேச்சினராயினர். வானொலியும் தொலைக்காட்சியும் வேறொரு தமிழைக் கொண்டுவந்தன. இக்காலத்துச் சிறுவர் சிலர் ‘அப்புறம்’ என்று சொல்லக் கேட்கிறேன். அவர்களைக் குறை கூறேன். எந்தச் சொல் வாயில் வருமென்பதைப் பிள்ளைகள் தெரிவு செய்வதில்லை. ஆயின் முதியோர் ‘மறுகா’வை எந்தெந்த இடத்தில், எந்தெந்தப் பொருள் நிழலோடு சொல்கின்றனர் என்பதை நம் மாணவர் குறிப்பேடும் கையுமாக இருந்து எழுதிக்கொள்ளுதல் இன்று இயலும். ஈற்றிலே லகரம் மெல்லிதாகவேனும் ஒலிக்கும் முதியோர் எங்கேனும் உளரா என்பதையே அவர்கள் முதலிற் கேட்டறிய வேண்டும். ஒருவர் அகப்பட்டாலும் மேலே நான் கூறிய பிறப்புமுறைக்கு நேர்ச்சான்று கிடைத்துவிடும்.

அம்மாணவனின் ஏட்டை நான் திருப்பிக் கொடுக்கும்போது, நான்கு வட்டங்களுள் மூன்றை அப்படியே விட்டேன். கட்டுரையின் நடையிலே அவ்விடங்களுக்குப் ‘பிறகு’தான் பொருந்தும். நான்காவது, வலையை இழுத்தபின் தந்தை மகனிடம் சொன்ன பேச்சு. மேற்கோட் குறிகளுக்குள் இருந்தது. அதன் வட்டத்தின்மேல் ஒரு சிறு கோடு கிழித்து, ‘இது இருக்கட்டும்’ என்று எழுதினேன்.